பார்க்காமல் எழுதிய இருபத்து நான்கு

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் சௌக்கியம். நீயும் அத்தானும் சௌக்கியமா? அத்தானின் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் போனில் நீ பாதிப் பேச்சில் வைத்துவிட்டாய். அல்லது நான் வைத்தேன். முதலில் வைத்தது யார் என்று இரண்டாவது முறை கூப்பிட்டும் சண்டை போட்டோம். இனிமேல் கடிதம் எழுதிக்கொள்ளுங்கள் என்று அத்தான் சொன்னது நல்ல யோசனைதான். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

அன்று நான் சொல்லவந்தது இதுதான். அத்தானின் ஸ்கூட்டர் பேட்டரி, அவர் சொல்வதுபோல 'கொஞ்சம் பூசினாப்ல' ஆகவில்லை. உள்ளே வாயு சேர்ந்து உப்பியிருக்கிறது. வீட்டுக்குள் வைக்காதே. சார்ஜ் போடாதே. கம்பெனி ஆளை வரச் சொல்.

"நீ பேட்டரி வேலைதானே பார்க்கறே, வந்து சரி பண்ணிக் குடுத்தா என்ன குறைஞ்சா போயிடுவே?" என்று கேட்டாய். நான் ரிப்பேர்காரன் இல்லை அக்கா. பேட்டரிக்குள் ஒரு பக்கம் வெறும் லித்தியம் தகட்டையே வைத்தால் இப்போது இருப்பதைவிட ரொம்ப நேரம் ஓடும். சிக்கல் என்னவென்றால், ஓடும்போது தகட்டைவிட்டுக் கிளம்பும் லித்தியம், சார்ஜ் போடும்போது ஒழுங்காக வீடு திரும்பாது. அங்கங்கே குவிந்து ஊசி ஊசியாக வளரும். அந்த ஊசி நடுவில் இருக்கும் சவ்வைக் குத்திக்கொண்டு எதிர்ப்பக்கத்தைத் தொட்டால் தீ. ஊசி வளராமல் இருக்கத் தகட்டின்மேல் மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசுவது என் வேலை. இரண்டு வருடமாகப் பூசிக்கொண்டிருக்கிறேன்.

கோட்டுப் பொத்தான் அளவுக்குச் செல் செய்து ஓடவிடுவோம். ஒருமுறை காலியாகி ஒருமுறை நிறைந்தால் ஒரு சுற்று. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சுற்று. ஐந்நூறு தாங்க வேண்டும். அதுவும் ஒரு தடவை காட்டினால் போதாது, மறுபடி செய்தும் காட்ட வேண்டும். ஜூன் 30 மாலை ஐந்து மணிக்குள் காட்டினால் என் வேலை நீடிக்கும். இல்லையென்றால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். இதுவரை என் செல்கள் நூற்று முப்பதைத் தாண்டவில்லை. எங்கள் தலைவர் வாயில் வேறு எண்ணே வராது. அதனால் அவர் பெயரே 'ஐந்நூறு' என்றாகிவிட்டது. அவருக்குத் தெரியாது.

பி.கு.: ஓடாத சுவர்க் கடிகாரம், டார்ச், டிவி ரிமோட் எதையும் பார்சல் அனுப்பாதே.

உன் தம்பி

ஜனவரி 27

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே எல்லோரும் நலம். முழங்கால்தான் ஸ்கூட்டர் இல்லாததால் பஸ் படியேறி முனகுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போனை முதலில் வைத்தது நீ. இதை எழுத்தில் பதிந்து வைக்கிறேன்.

ஸ்கூட்டரை மதில் சுவர் ஓரம் கொண்டுபோய் நிறுத்தியாகிவிட்டது. உன் அத்தான் தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டு வருகிறார். நோயாளியைப் பார்க்கவருகிறவர்கள் முகத்தை இருபது வருடமாக வார்டில் பார்க்கிறேன், அதே முகம். கம்பெனி ஆள் "அடுத்த வாரம் வர்றேங்க" என்று மூன்று வாரமாகச் சொல்கிறான்.

உன் வேலை எனக்குப் புரிந்தது. காயத்துக்குக் கட்டுப் போடுகிற மாதிரி தகட்டுக்கு நீ கட்டுப் போடுகிறாய், கட்டு நிற்கவில்லை. கட்டு நிற்கவில்லையென்றால் எப்போதும் கட்டையே குறை சொல்லாதே. சுத்தம் செய்தவர்கள் யார், எப்படிச் செய்தார்கள் என்றும் பார்.

டார்ச்சை நான் அனுப்பவில்லை. அத்தான் அனுப்பினால் நான் பொறுப்பில்லை.

அன்புடன்
அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதம், மன்னித்துக்கொள். டார்ச் வந்தது. பேட்டரியைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். சரியாகப் போட்டேன், எரிகிறது. அத்தானிடம் சொல், இது ஆராய்ச்சியில் சேராது.

இனி நல்ல செய்தி. உட்கார்ந்துகொண்டு படி. பிப்ரவரி 9-ஆம் தேதி பன்னிரண்டு செல் செய்தேன். அந்த வாரம் முழுக்க ஏ.சி. கெட்டுப்போய் ஆய்வகத்தில் முப்பத்து மூன்று டிகிரி. மூக்கு நுனியில் வியர்வை சொட்டச் சொட்டச் செய்தேன். இன்றைக்கு அவை இருநூற்று ஐம்பத்திரண்டாவது சுற்று! பன்னிரண்டில் பதினொன்று உயிரோடு இருக்கின்றன. ஐந்நூறு காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வந்து திரையைப் பார்த்துவிட்டுப் போகிறார். நேற்று என் தோளைத் தட்டினார். இரண்டு வருடத்தில் முதல் தட்டு.

என் பூச்சு பலித்துவிட்டது அக்கா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

உன் தம்பி

மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை வார்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மயக்கம் தெளியாத ஒருவர் தவிர எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பெரிய டாக்டர், "உங்க தம்பியோட பேட்டரி எப்ப கடைக்கு வருது?" என்று கேட்டார். சீக்கிரம் வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். அத்தான் ஸ்கூட்டருக்கு இப்போதே பெயர் பதிந்துவைக்கச் சொன்னார். பொத்தான் அளவு செல் எத்தனை வைத்தால் ஸ்கூட்டர் நகரும் என்று கேட்கிறார். பெரிய எண்ணாகச் சொல், அடங்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். இனிமேலாவது தூங்கு.

அன்புடன்
அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை லேசான தூறல். செவ்வாயன்று காலையில் வெயில், மதியத்துக்குமேல் மேகம், சாயந்திரம் நல்ல மழை. புதன்கிழமை காற்று. என் அறை ஜன்னலில் ஒரு பக்கம் மட்டும் ஒழுகுகிறது, அதற்கு ஒரு வாளி வைத்திருக்கிறேன். வாளி சிவப்பு நிறம். வியாழனன்றும் மழைதான், ஆனால் புதன்கிழமை அளவுக்கு இல்லை.

செல்கள் மார்ச் 23 அன்று ஐந்நூறைத் தாண்டின. மே 14 அன்று நடக்கும் ஆராய்ச்சிக் கூட்டத்தில் ஐந்நூறு இதை எல்லோருக்கும் அறிவிக்கப்போகிறார். மறுபடியும் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை வானம் தெளிந்துவிட்டது.

உன் தம்பி

ஏப்ரல் 14

அன்புத் தம்பிக்கு,

அக்கா நலம். நீ நலமில்லை.

ஐந்நூறைத் தாண்டியதற்கு ஒரு வரி, வாளிக்கு இரண்டு வரி. பத்து வயதில் நீ பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்த அன்றும் இப்படித்தான் மேகத்தைப் பற்றிப் பேசினாய். என்ன ஆயிற்று?

மறுபடி செய்தவை செத்துவிட்டனதானே? மறைக்காதே. எங்கள் வார்டில் ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு நாள் மட்டும் காய்ச்சல் விட்டிருந்தால், அன்றைய சார்ட்டையும் முன்பின் நாட்களின் சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உன் நோட்டில் பிப்ரவரி 9-க்கும், அதற்கு முன்னும் பின்னும் செல் செய்த நாட்களுக்கும் என்ன எழுதியிருக்கிறாயோ அதை அப்படியே எழுதி அனுப்பு. ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே.

அன்புடன்
அக்கா

ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுமார். நீ மந்திரவாதி. ஆமாம், செத்துவிட்டன. மார்ச் 3-இல் செய்தவை நூற்றுப் பதினெட்டில். 17-இல் செய்தவை நூற்று இருபத்தாறில். அதே பூச்சு, அதே கை, அதே நான். ஐந்நூறு தோளைத் தட்டுவதை நிறுத்திவிட்டு மோவாயைத் தடவ ஆரம்பித்திருக்கிறார். கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான். இரண்டாவது தடவை வரவில்லையென்றால் முதல் தடவை வந்ததையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நீ கேட்ட பக்கங்கள் கீழே. உனக்கு ஒன்றும் புரியாது என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

பிப்ரவரி 2: கையுறைப் பெட்டியில் ஆர்கான். அறை 24 டிகிரி. தகடு பளபளப்பு. பூச்சு ஒரு முறை. பன்னிரண்டு செல்.

பிப்ரவரி 9: கையுறைப் பெட்டியில் ஆர்கான். அறை 24 டிகிரி. தகடு பளபளப்பு. பூச்சு ஒரு முறை. பன்னிரண்டு செல்.

மார்ச் 3: கையுறைப் பெட்டியில் ஆர்கான். அறை 24 டிகிரி. தகடு பளபளப்பு. பூச்சு ஒரு முறை. பன்னிரண்டு செல்.

கையுறைப் பெட்டி என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் பொருத்தியிருக்கும் ரப்பர் கையுறைக்குள் வெளியிலிருந்து கையை விட்டு வேலை செய்வோம். காற்றுப் பட்டால் லித்தியம் கெட்டுவிடும். ஆர்கான் எதனோடும் சேராத வாயு, அதனால் உள்ளே அதை நிரப்பி வைத்திருப்போம். பார்த்தாயா, எல்லாமே ஒன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் என் தலைவலியே.

உன் தம்பி

ஏப்ரல் 27

தம்பி,

பிப்ரவரி 9 அன்று ஏ.சி. கெட்டு முப்பத்து மூன்று டிகிரி என்று எனக்கு எழுதினாய். நோட்டில் இருபத்து நான்கு.

பன்னிரண்டு படுக்கைக்கும் ஒரே காய்ச்சல் அளவு எழுதியிருந்தால், அன்று தெர்மாமீட்டர் டப்பாவைவிட்டு வெளியே வரவில்லை என்று அர்த்தம். நீ முந்தின நாள் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறாய். டிகிரியைப் பார்க்காமல் எழுதியவன் ஆர்கானைப் பார்த்தானா? தகட்டைப் பார்த்தானா?

அக்கா

மே 9

தம்பி,

பன்னிரண்டு நாளாகப் பதில் இல்லை. கோபமா? இருந்துகொள். ஆனால் உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் ஒரு அட்டை போடு. வானிலை எழுதினாலும் பரவாயில்லை.

அக்கா

மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். கோபம் இருந்தது, உன்மேல் இல்லை.

உன் கடிதத்தைப் படித்த உடனேயே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. அதை உனக்கு எழுதப் பதினைந்து நாள் தைரியம் வரவில்லை. அன்றைக்குத் தகடு பளபளப்பாக இல்லை அக்கா. கறுத்திருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கறுத்த தகட்டைத் தூக்கிப் போட வேண்டும் என்பதுதான் விதி. அந்த வாரம் வேறு தகடு இல்லை, கேட்டால் ஐந்நூறு "போன வாரம்தானே குடுத்தேன்?" என்பார். அதன்மேலேயே பூச்சைப் பூசிவிட்டு நோட்டில் பளபளப்பு என்று எழுதிவிட்டேன். கை தானாக எழுதியது. செல்கள் நன்றாக ஓட ஆரம்பித்ததும் கறுப்பை நானே மறந்தேன். மறக்க விரும்பினேன் என்பதுதான் சரி.

ஏன் கறுத்தது என்று தெரியாமல் தவித்தேன். பிறகு வாயு சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் போய், பிப்ரவரியில் எங்களுக்கு என்னென்ன போட்டார் என்று கேட்டேன். அவர் தன் ரசீதுக் கட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "நைட்ரஜன் நீங்க பாத்திரம் காயவைக்க மட்டும்தான் சார் எடுப்பீங்க. மூணு மாசத்துக்கு ஒண்ணு காலியாகும். பிப்ரவரில மட்டும் ரெண்டு காலி. சரி, சாருங்க திடீர்னு சுத்தமாயிட்டாங்கன்னு நினைச்சேன்."

ஏழாம் தேதி சனிக்கிழமை சிலிண்டர் மாற்றியது நான்தான். சிலிண்டர் அறை அடுப்பாகக் கொதித்தது. கழுத்தில் 'நிறைந்தது' என்று அட்டை தொங்குவதை மட்டும் பார்த்தேன், என்ன நிறைந்தது என்று பார்க்கவில்லை. ஆர்கானுக்குப் பதில் நைட்ரஜன். ஆர்கான்போல நைட்ரஜன் சும்மா இருக்காது, லித்தியத்தோடு சேரும். ஞாயிறு முழுக்கச் சேர்ந்திருக்கிறது. அந்தக் கறுப்புப் படலம்தான் ஊசிகளை அடக்கியிருக்கிறது. அந்தச் சிலிண்டர் தீர்ந்ததும் அடுத்து வந்தது ஒழுங்கான ஆர்கான், செல்களும் ஒழுங்காகச் செத்தன.

இரண்டு வருடமாக நான் பூசிய பூச்சு எதையும் காப்பாற்றவில்லை, நான் பார்க்காமல் விட்ட அழுக்குதான் காப்பாற்றியிருக்கிறது. இதை நினைத்து ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் ஐந்நூறிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "கூட்டத்துக்கு நூத்தி நாப்பது பேர் வராங்க. அவங்களுக்கு நான் என்னப்பா சொல்றது?" என்றார். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "நைட்ரஜன் படலம் லித்தியத்தைக் காப்பாத்தும்னு மத்தவங்க எப்பவோ எழுதியிருக்காங்க. அது புதுசில்ல. உன் பூச்சும் அதுவும் சேர்ந்தா என்ன ஆகுதுன்னு யாரும் பார்க்கல. செவ்வாய்க்கிழமை ஆரம்பி. இந்தத் தடவை கண்ணைத் திறந்துக்கிட்டுத் தப்பு பண்ணு" என்றார். கூட்டத்துக்குப் போய் வேறு யாருடைய வேலையையோ பேசிவிட்டு வந்தார்.

19-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு ஓடவிடப்போகிறேன். அதிலிருந்து ஜூன் 30 மாலை ஐந்து மணிவரை நாற்பத்திரண்டு நாள், ஐந்நூற்று நான்கு சுற்று. நான்கு சுற்றுதான் மிச்சம் இருக்கிறது எனக்கு.

ஒன்று கேட்கிறேன். நான் பக்கத்தைப் பார்த்து எழுதினேன் என்று அவ்வளவு சீக்கிரம் எப்படிக் கண்டுபிடித்தாய்?

உன் தம்பி

மே 29

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். கம்பெனி ஆள் ஒருவழியாக வந்து பேட்டரியை மணல் நிரப்பிய வாளியில் வைத்து எடுத்துப்போனான். அத்தான் தெருமுனைவரை கூடவே போனார்.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டாய். நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒன்பதாம் நம்பர் படுக்கையில் ஒரு தச்சர். தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப மனமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் கால் வலித்தது. பார்க்காமல் நார்மல் என்று எழுதினேன். இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த நார்மலை எனக்கு முன் ஷிஃப்ட் பார்த்தவள் எழுதியதாக நினைத்து, திட்டு விழுந்தது அவளுக்கு. நான் வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பது வருடம். அத்தானுக்குக்கூடத் தெரியாது.

நீ தலைவரிடம் போய்ச் சொன்னாய் என்று படித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் வார்டில் தவறுகளை எழுத ஒரு நோட்டு உண்டு. யார் தவறு செய்தாலும் அவரே எழுத வேண்டும் என்று சட்டம் போட்டதே நான்தான். அதில் அன்றைய தேதியை, அதாவது பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தேதியைப் போட்டு எழுதினேன். சின்னப் பெண்கள் சுற்றி நின்று படித்தார்கள். ஒருத்தி, "சிஸ்டர், நம்ம வார்டுல ஒன்பதாம் நம்பர் பெட்டே இல்லையே, எடுத்துட்டாங்களே" என்றாள். அவளுக்கு அதுதான் கவலை.

திட்டு வாங்கியவளைத் தேடிப்பிடித்து போன் செய்தேன். "அப்படியா? எனக்கு ஞாபகமே இல்லடி. அந்த வருஷம் தினம்தான் திட்டு வாங்கினேன்" என்றாள். வைத்துவிட்டு நன்றாக அழுதேன். அத்தான் ஸ்கூட்டருக்காக அழுகிறேன் என்று நினைத்துத் தேற்றினார்.

உன் வேலை நிலைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நிலைக்காவிட்டால் இங்கே வா. நானும் அத்தானும் இருக்கிறோம்.

அக்கா

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உன்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது, அவ்வளவுதான் எழுத வருகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்று விதமாகச் செய்தேன். பூச்சு மட்டும் போட்டவை நூற்று இருபத்தொன்றில் போய்விட்டன. கறுப்பு மட்டும் உள்ளவை முந்நூறுக்குப் பக்கத்தில் நின்றன. இரண்டும் சேர்ந்தவை ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன. என் பூச்சும் ஏதோ செய்கிறது அக்கா! தனியாக நிற்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை, கட்டடத்தில் பழுது பார்க்கிறோம் என்று பதினாறு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். எட்டு சுற்று போச்சு. என்னிடம் இருந்ததே நான்கு.

30-ஆம் தேதி மாலை ஐந்து மணி. நானும் ஐந்நூறும் திரைக்கு முன்னால் நிற்கிறோம். நானூற்றுத் தொண்ணூற்றாறு.

அவர் மெதுவாகச் சொன்னார்: "கரண்ட் போகாம இருந்திருந்தா ஐந்நூத்தி நாலு வந்திருக்கும். ஐந்நூறுன்னு போட்டா பொய்யே இல்லப்பா, நாலு குறைச்சுத்தான் சொல்றோம்."

கேட்க நன்றாக இருந்தது. எனக்கு அந்த வேலை வேண்டும் அக்கா, ரொம்ப வேண்டும். "ஓடாத சுத்தை எப்படி சார் எழுதறது?" என்றேன். "இதை எழுதினா வேலை போயிடும், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். நானூற்றுத் தொண்ணூற்றாறு என்று எழுதினேன். அவர் பேனாவை வாங்கிக் கீழே கையெழுத்துப் போட்டார்.

வேலையை நீட்டிப்பதா என்று முடிவு செய்யும் குழு நேற்றுக் கூப்பிட்டது. மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா கேட்டார்: "எல்லாரும் சரியா ஐந்நூறு, ஐந்நூறுன்னே கொண்டுவராங்க. ஒருத்தருக்குக்கூட ஐந்நூத்தி ஒண்ணு வரமாட்டேங்குது. உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?"

"அவ்வளவுதாங்க ஓடிச்சு."

என் நோட்டைக் கேட்டார். மே 19 பக்கத்தைச் சத்தமாகப் படித்தார்: "காலை 26 டிகிரி, மதியம் 28. பெட்டியில் நைட்ரஜன், சிலிண்டர் பெயரை இரண்டு முறை படித்தேன். தகடு கறுப்பு, ஓரத்தில் திட்டுத் திட்டாக. எனக்குத் தும்மல்." பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை. மிச்சப் பக்கங்களையும் உட்கார்ந்து படித்தார்.

வழக்கமாக ஒரு வருடம் நீட்டிப்பார்கள். எனக்கு எட்டு மாதம். குறைந்த நான்கு சுற்றுக்கு, சுற்றுக்கு ஒரு மாதம் என்று பிடித்துக்கொண்டார்கள் என்கிறார் ஐந்நூறு. வெளியே வந்ததும் என் தோளைத் தட்டினார். பலமாகவே தட்டினார், இன்னும் வலிக்கிறது.

செல்கள் இன்னும் ஓடுகின்றன. இன்று காலை பதினொரு மணிக்கு ஐந்நூற்று முப்பது என்று இங்கே எழுதப்போனேன். பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஐந்நூற்று இருபத்தொன்பது.

உன் தம்பி